பழைய மோட்டாரும் புதிய உத்தரவும்

ஐம்பது வயது நிரம்பிய அந்நிய நாட்டு மோட்டார் வண்டிகளைத் தனி லைசென்ஸ் ஏதுமின்றி நம் நாட்டுக்குள் கொண்டு வரலாமென்று இந்திய சர்க்கார் 2025-ஆம் வருஷத் தொடக்கத்தில் உத்தரவு பிறப்பித்தனர். அதற்கு முன்னிருந்த விதியின்படி, 1950-ஆம் வருஷம் ஜனவரி மாதம் முதல் தேதிக்கு முன் உற்பத்தியான வண்டிகளுக்கு மட்டுமே அந்தச் சலுகை உண்டு. மேலெழுந்தவாரியாகப் பார்த்தால், இது சில தனவந்தர்களின் பொழுதுபோக்கைப் பற்றிய அற்ப விஷயமாகவே தோன்றும். நூல் விலையும், கூலித் தகராறும், ஏற்றுமதிக் கவலையும் மலிந்து கிடக்கும் திருப்பூர்ச் சீமையில் கிழட்டு மோட்டாருக்கு ஒரு தலையங்கமா என்று குன்னத்தூரிலுள்ள வாசகர் ஒருவர் கேட்கக்கூடும். கேட்பது நியாயமே. அவருக்குப் பதில் சொல்லவே இதை எழுதுகிறோம்.

முதலில் தேதிகளைக் கவனிக்க வேண்டும். பழைய விதி ஒரே இடத்தில் அடித்து வைத்த முளையைப் போன்றது. காலம் ஓடினாலும் அது நகரவில்லை. புதிய விதியோ வருஷந்தோறும் ஒரு வருஷம் முன்னே செல்லக் கூடியது. இதனால், 1950-க்கும் 1970-களின் நடுப்பகுதிக்கும் இடையே செய்யப்பட்ட வண்டிகள் அனைத்தும் ஒரே நாளில் நமது வாசற்படிக்குள் வந்துவிட்டன. அந்தக் காலத்து வண்டிகளுள் ஆசையுடன் தேடப்பட்டு, நல்ல விலைக்குக் கைமாறுபவற்றில் அமெரிக்கர்கள் ‘மஸில் கார்’ என்று சொல்லும் வண்டிகளும் உண்டு. அதைச் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தால் நகைப்புக்கு இடமாகும். ‘மல்லன் வண்டி’ என்று சொன்னால் நம்மவர்களுக்கு விளங்கும். நடுத்தர உடம்பில் பெரிய வண்டியின் எஞ்சினைப் பொருத்தி, சாமானியன் வாங்கக்கூடிய விலையில் அசுர வேகத்தை விற்றதுதான் அதன் ரகசியம்.

அந்த வண்டி பிறந்த கதை சட்டப் பழக்கமுள்ளவர்களுக்கு ரஸமானது. ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் மேலிடத்தார், நடுத்தர அளவுள்ள காரில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சினை வைக்கக் கூடாதென்று தங்கள் கிளைகளுக்குக் கட்டளையிட்டிருந்தனர். போன்டியாக் கிளையைச் சேர்ந்த ஜான் டிலோரியன் முதலிய எஞ்சினீயர்கள் அந்தக் கட்டளையை வரி வரியாகப் படித்தார்கள். கட்டளை கார்களைப் பற்றியது; ஏற்கெனவே விற்பனையிலிருக்கும் காருக்கு வாடிக்கைக்காரர் விரும்பிக் கேட்கும் உபரிச் சாமானைப் பற்றியதல்ல என்று ஒரு சந்து கண்டார்கள். அந்தச் சந்தின் வழியாக, 389 கன அங்குலமுள்ள, அதாவது சுமார் 6.4 லிட்டர் கொள்ளளவுள்ள எட்டு சிலிண்டர் எஞ்சினை லெமான்ஸ் என்னும் தங்களுடைய சாதுவான காருக்குள் ஏற்றி, ‘ஜி.டி.ஓ.’ என்று பெயரிட்டு 1964-ஆம் வருஷ மாடலாக விற்றார்கள். முதல் வருஷத்தில் மட்டும் 32,450 வண்டிகள் விலையாயின. அவற்றுள் கூரையை மடித்துத் திறந்துகொள்ளும் ‘கன்வர்ட்டிபிள்’ வகை 6,644. அதே வருஷம் ஏப்ரல் மாதம் 17-ந் தேதி போர்டு கம்பெனியாரின் மஸ்டாங் வெளிவந்தது. அதைத் தொடர்ந்து மற்றக் கம்பெனிகளும் போட்டிக்கு வந்தன.

ஆர்ப்பாட்டம் பத்து வருஷங்கூட நிலைக்கவில்லை. இளைஞர்கள் இவ்வண்டிகளில் ஏறி உயிரை விட்டதைக் கண்டு இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் கட்டணத்தை ஏற்றின. 1970-ஆம் வருஷத்துக் காற்றுத் தூய்மைச் சட்டம் எஞ்சினின் மூச்சைப் பிடித்தது. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியதும் எல்லாம் முடிந்தது. கூரை திறக்கும் வகைகள் அமெரிக்காவில் 1976-க்குப் பிறகு சில காலம் உற்பத்தியாகவே இல்லை. ஆகவே எஞ்சியவை அருமைப் பொருள்களாயின. 1971-ஆம் வருஷத்துப் பிளிமத் குடா என்னும் திறப்பு வண்டியில், ‘ஹெமி’ எஞ்சின் பொருத்தியவை பதினொன்றே செய்யப்பட்டன. அவற்றுள் ஒன்று 2014 ஜூன் மாதம் சியாட்டில் நகரத்து ஏலத்தில் 35 லட்சம் டாலருக்குப் போயிற்று. எல்லா வண்டியும் அவ்விலை பெறாதென்றாலும், நன்றாகச் செப்பனிட்ட சாதாரணத் திறப்பு வண்டிக்கே பல்லாயிரம் டாலர் கேட்கிறார்கள்.

இனி நம் பக்கம் வருவோம். திருப்பூருக்கு வடக்கே, ஊத்துக்குளிக்கும் கோபிக்கும் இடையிலுள்ள குன்னத்தூரில் பனியன் கம்பெனி நடத்தும் ஒருவர், “பூர்வ நிலைக்குக் கொண்டுவரப்பட்ட அமெரிக்கத் திறப்பு வண்டி விற்பனைக்கு” என்ற விளம்பரத்தைத் தம் கைப்பேசியில் காண்கிறார் என்று வைத்துக்கொள்வோம். செக்கச் சிவந்த உடல், வெள்ளைக் கூரை, கண்ணாடிபோல் மின்னும் நிக்கல் பூச்சு. கொங்கு நாட்டில் நம் பாட்டன்மார் காரைப் ‘பிளஷர்’ என்றே அழைத்தார்கள்; இன்பத்துக்கான வண்டி என்று அதற்குப் பொருள். அந்தப் பெயர் வேறெந்த வண்டியைவிடவும் இதற்கே தகும். ஆசைப்படுவது குற்றமல்ல. உழைத்துச் சம்பாதித்தவர் தம் பணத்தில் ஒரு வண்டி வாங்குவதைக் கண்டு முகஞ்சுளிக்கும் கூட்டத்தைச் சேர்ந்தவர்களல்ல நாம். ஆனால் வாங்குமுன் அவர் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதிகள் சில உண்டு. அவற்றை விற்பவர்கள் விளம்பரத்தில் எழுதுவதில்லை.

விலையோடு செலவு முடிவதில்லை. பழைய காருக்கு விதிக்கப்படும் சுங்கமும், அதன் மேல் ஏறும் ஜி.எஸ்.டி.யும் சேர்ந்தால், வண்டியின் விலையைப் போல் இரு மடங்குக்கு மேற்பட்ட தொகையைச் சர்க்காருக்கே கட்ட வேண்டியிருக்கும். கட்டிக் கொண்டுவந்த பின் அதில் ஏறித் தினந்தோறும் திருப்பூருக்குப் போய்வரலாமா என்றால், அதுவும் முடியாது. 2021 ஜூலை மாதம் மத்திய மோட்டார் வாகன விதிகளில் செய்த திருத்தத்தின்படி, ஐம்பது வயதுக்கு மேற்பட்டுப் பூர்வ உருவம் மாறாத வண்டிகளுக்கு ‘வி.ஏ.’ என்ற எழுத்துக்களுடன் தனி நம்பர் கொடுக்கப்படுகிறது. பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். பதிவு பத்து வருஷத்துக்குச் செல்லும். ஆனால் அவ்விதம் பதிவான வண்டியைக் கண்காட்சி, பழைய கார் ஊர்வலம், தொழில் ஆராய்ச்சி, பெட்ரோல் போடுதல், பழுது பார்த்தல் ஆகியவற்றுக்காக மட்டுமே சாலையில் ஓட்டலாம். கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுவதும் அடாது.

இன்னொன்று: அமெரிக்க வண்டிக்கு ஸ்டியரிங் இடப்பக்கம். அத்தகைய வண்டியை, விதிப்படி அமைந்த சைகைக் கருவி செவ்வையாக வேலை செய்தாலொழியப் பொதுச் சாலையில் ஓட்டக் கூடாதென்று 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 120-வது பிரிவு கூறுகிறது. ஊத்துக்குளி ரோட்டில் பஸ்ஸை முந்த விரும்பும் இடப்பக்கத்து டிரைவர் எதிரே வரும் லாரியைக் காண வேண்டுமானால், பாதி வண்டியை நடுரோட்டில் நீட்டினால்தான் முடியும். சட்டம் இல்லாவிட்டாலும் இந்த ஒரு காரணமே போதும்.

பெட்ரோல் சங்கதியும் லேசானதல்ல. ஈயம் கலந்த பெட்ரோலுக்காக அமைந்த எஞ்சின்கள் இவை. நம் நாட்டில் 2000-ஆம் வருஷத்தில் அந்தப் பெட்ரோல் நின்றுபோயிற்று. வால்வு உட்காருமிடங்களைக் கெட்டி உலோகத்தால் மாற்றாவிட்டால் அவை தேய்ந்துபோகும். இப்போதோ 100-க்கு 20 பங்கு எத்தனால் கலந்த பெட்ரோல் 2025 முதல் நாடெங்கும் பரவிவிட்டது. அந்தக் காலத்து ரப்பர்க் குழாய்களையும் கார்ப்புரேட்டர்த் தோல்களையும் அது அரித்துவிடும். அவற்றையும் மாற்ற வேண்டும். இவ்வளவும் செய்த பின் லிட்டருக்கு நாலைந்து கிலோமீட்டர் ஓடினால் பாக்கியம்.

இவையெல்லாம் பணத்தால் தீரக்கூடிய தொல்லைகள். பணத்தால் தீராத தொல்லை, வண்டி அசலா போலியா என்பது. முன்னே சொன்ன ஜி.டி.ஓ.வையே எடுத்துக்கொள்வோம். அது 1964, 1965 ஆகிய இரண்டு வருஷங்களிலும் தனிக் காராக அன்றி உபரிச் சாமானாகவே விற்கப்பட்டதால், அவ்வருஷத்து வண்டிகளின் சேஸிஸ் நம்பரைப் பார்த்து அது ஜி.டி.ஓ.வா, வெறும் லெமான்ஸா என்று சொல்ல இயலாது. 1966 முதல்தான் அதற்குத் தனி நம்பர் வந்தது. மலிவான லெமான்ஸ் ஒன்றை வாங்கி, பெரிய எஞ்சினை ஏற்றி, மூன்றெழுத்துப் பட்டயத்தை முன்னும் பின்னும் ஒட்டி, இரட்டை விலைக்கு விற்பவர்கள் அமெரிக்காவிலேயே உண்டு. எஞ்சினீயர்கள் எந்தச் சந்தில் நுழைந்து காரைச் செய்தார்களோ, அதே சந்தில் மோசக்காரர்களும் நுழைகிறார்கள். கம்பெனியின் பழைய உற்பத்திப் பதிவேட்டின் நகலைக் கேட்டு வாங்குவதே இதற்குப் பரிகாரம். அதைக் காட்ட மறுப்பவரிடம் பேரம் பேசுவதில் பயனில்லை.

திறப்பு வண்டிக்கு இதைவிடப் பெரிய வியாதி துரு. இரும்புக் கூரையில்லாததால் அடித்தளமே வண்டியின் முதுகெலும்பு. துணிக் கூரை கிழிந்து மழைநீர் உள்ளே இறங்கி, அடித்தளத்தை அரித்துவிட்டிருந்தால், மேலே எத்தனை பூச்சுப் பெயிண்டு அடித்தாலும் கதவு சரியாக மூடாது. விலைக்கு வரும் வண்டியின் கதவைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, பிறகு பெயிண்டைப் பார்க்கட்டும்.

தஸ்தாவேஜு விஷயத்தில் நம்மவர்கள் இன்னும் அதிக ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். 2025 செப்டம்பர் 23-ந் தேதி கேரளத்தில் சுங்க இலாகாவினர் பல இடங்களில் சோதனை நடத்தி, விலையுயர்ந்த கார்கள் பலவற்றைக் கைப்பற்றினர். அந்தச் சோதனைக்கு அவர்கள் வைத்த பெயர் ‘நும்கோர்’. பூட்டான் பாஷையில் அதற்கு வண்டி என்று அர்த்தம். பூட்டான் நாட்டு வண்டிகளைத் திருட்டுத்தனமாக எல்லை கடத்தி, போலிக் காகிதங்களைக் காட்டி வட மாகாணங்களில் பதிவு செய்து, தெற்கே கொண்டுவந்து விற்றார்கள் என்பது குற்றச்சாட்டு. இதன் பின்னால் கோயம்புத்தூரைச் சேர்ந்த கும்பல் ஒன்று இருந்ததாகச் சுங்க அதிகாரிகள் கூறினர். நம் அண்டை நகரத்தின் பெயர் இதில் அடிபட்டது நமக்குத் தலைகுனிவு. சட்டம் இதில் கண்டிப்பானது. கடத்தி வந்த சரக்கை ஒருவர் நல்ல நம்பிக்கையோடு, முழுக் கிரயம் கொடுத்து வாங்கியிருந்தாலும், சரக்கு பறிமுதலுக்கு உரியதே. ஆர்.சி. புத்தகம் இருக்கிறது என்பது மாத்திரம் போதாது. துறைமுகத்தில் சுங்கம் செலுத்திய சீட்டும், அதிலுள்ள சேஸிஸ் நம்பரும், வண்டியில் வெட்டியிருக்கும் நம்பரும் ஒன்றாயிருக்க வேண்டும். வாங்கிய பிறகு, விற்றவரும் வாங்கியவரும் தொண்ணூறு நாட்களுக்குள் போக்குவரத்து அதிகாரிகளுக்குத் தெரிவிக்கவும் வேண்டும்.

இதுவரை வாங்குபவரின் கஷ்ட நஷ்டங்களைச் சொன்னோம். நமது கவலை அத்தோடு நிற்கவில்லை.

அமெரிக்க மல்லன் வண்டிகளுக்கு நாம் கதவைத் திறந்த அதே 2025-ஆம் வருஷத்தில், ஆகஸ்டு 27-ந் தேதி முதல் அமெரிக்க சர்க்கார் நமது சரக்குகளுக்கு 100-க்கு 50 வீதம் வரி விதித்தனர். 2024-25-ல் திருப்பூரிலிருந்து சுமார் 40,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதியாயிற்று. அதில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு அமெரிக்காவுக்குச் சென்றது. வரி வந்த செய்தி கேட்டதும் ஆர்டர்கள் நின்றன. கப்பலேற வேண்டிய பெட்டிகள் கிடங்கிலேயே தங்கின. அந்த வரி பின்னால் எவ்வாறு ஏறினாலும் இறங்கினாலும், ஓர் அந்நிய ஜனாதிபதியின் கையெழுத்தில் குன்னத்தூர்த் தையல் மிஷின் நிற்கக்கூடுமென்பதை அந்த ஆகஸ்டு மாதம் காட்டிவிட்டது. நாம் அவர்களுடைய காருக்கு விதிக்கும் சுங்கம் அவர்கள் நம் பனியனுக்கு விதித்ததைவிட அதிகமல்லவா என்று யாரேனும் வாதித்தால், கணக்கு சரிதான் என்றே ஒப்புக்கொள்வோம். ஆனால், தராசின் ஒரு தட்டில் இருப்பது சில நூறு பேருடைய ஆசை; மற்றத் தட்டில் இருப்பது லட்சக்கணக்கானவர்களுடைய அன்றாடக் கஞ்சி. இரண்டையும் ஒரே எடைக்கல்லால் நிறுப்பது நியாயமாகாது.

ஆகவே கதவைச் சாத்திவிட வேண்டுமென்கிறோமா? இல்லை. கதவு திறந்ததால் நமக்கு என்ன தொழில் வந்தது என்றே கேட்கிறோம். இந்தக் கேள்வி புதிதல்ல. ஸர் எம். விசுவேசுவரய்யா 1935-ல் டெட்ராய்ட் வரை சென்று பார்த்துவந்து, இந்தியாவில் மோட்டார்த் தொழிற்சாலை நிறுவுவதற்குத் திட்டம் வகுத்தார். வால்சந்த் ஹீராசந்த் அதை மேற்கொண்டு கிறைஸ்லர் கம்பெனியாரோடு ஒப்பந்தம் பேசினார். அன்னிய ஆட்சியாளர்கள் உதவ மறுத்தனர். அமெரிக்கக் கம்பெனிகள் இங்கே செய்ததெல்லாம், பெட்டிகளில் வந்த பாகங்களைப் பூட்டிக் கொடுத்ததுதான். ஜெனரல் மோட்டார்ஸ் 1928 முதல் பம்பாயில் இந்த வேலையைச் செய்தது. போர்டு கம்பெனிக்குச் சென்னையிலும் பூட்டும் சாலை இருந்தது. சுயராஜ்யம் வந்த பின், உள்நாட்டில் உற்பத்தி செய்ய ஏற்பாடு இல்லாதவர்கள் கடையைக் கட்டலாமென்று 1953-ல் தீர்மானமாயிற்று. இருவரும் மறு வருஷத்துக்குள் போய்விட்டார்கள். இதனாலேயே, 1964-ல் மல்லன் வண்டிகள் பிறந்தபோது அவை இங்கே வர வழியில்லாமற் போயிற்று. தூதரக உத்தியோகஸ்தர்கள் விட்டுச் சென்ற அமெரிக்க வண்டிகள் சில, ஸ்டேட் டிரேடிங் கார்ப்பொரேஷன் ஏலத்தின் மூலம் கைமாறியதோடு சரி. சென்ற தலைமுறையின் கண்டிப்பு சில அசௌகரியங்களை விளைவித்ததுண்டு. ஆனால் அந்தக் கண்டிப்பே நம் மெக்கானிக்குகளைப் பண்டிதர்களாக்கியது. உதிரிப் பாகம் கிடைக்காத காலத்தில் பிளிமத்துக்கும் டாட்ஜுக்கும் டீஸல் எஞ்சினைப் பூட்டி டாக்ஸியாக ஓட்டியவர்கள் அவர்கள். இன்று கலைப்பொருள் நோக்கில் அது பாவம் எனப்படலாம். அன்று அது பிழைப்பு.

கொங்கு நாட்டில் இந்த விஷயத்தைப் பேசும்போது ஜி. டி. நாயுடு அவர்களை நினைக்காமலிருக்க முடியாது. கலங்கல் கிராமத்தில் 1893-ல் பிறந்த அந்த விவசாயி மகன், வெள்ளைக்கார உத்தியோகஸ்தர் ஒருவர் ஏறிவந்த மோட்டார் சைக்கிளைக் கண்டு பிரமித்தார். கோயம்புத்தூர் ஹோட்டலொன்றில் வேலைக்கமர்ந்து பணம் சேர்த்தார். முந்நூறு ரூபாய்க்கு அதே வண்டியை வாங்கினார். வாங்கியதும் செய்த முதற்காரியம், அதை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துத் திரும்பப் பூட்டியது. 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே பஸ்ஸோடு தொடங்கிய அவருடைய தொழில் பின்னால் எவ்வளவு பெருகியதென்பது எல்லோருக்கும் தெரியும். அவருடைய பெயரால் கோவை அவிநாசி ரோட்டில் 2015-ல் திறக்கப்பட்ட கார்க் காட்சிச்சாலையில், பல தேசத்துப் பழைய வண்டிகளை இன்று பள்ளிப் பிள்ளைகளும் காணலாம். அவர் வாங்கியதும் அந்நிய வண்டிதான். அதை ஓட்டிக் காட்டுவதற்கு முன்னால் பிரித்துப் பார்த்தார் என்பதில்தான் வித்தியாசம்.

திருப்பூரின் சரித்திரமும் அதுவே. வெளிநாட்டார் ஓட்டி ஓய்ந்த பின்னல் மிஷின்களை வாங்கிவந்து, ஊசியையும் பல்சக்கரத்தையும் இங்கேயே கடைந்து மாட்டி, அவற்றில் நெய்த துணியை அதே வெளிநாட்டாருக்கு விற்று முன்னேறிய ஊர் இது. பழைய இயந்திரத்தைப் பூர்வ நிலைக்குக் கொண்டுவருவது நமக்குப் புதிதாகக் கற்க வேண்டிய வித்தையல்ல.

பழைய காரைச் செப்பனிடும் செலவில் பெரும்பகுதி சாமானுக்கன்று, கைவேலைக்கே செல்கிறது. உடலைப் பிரித்து, துருவைச் சுரண்டி, புதுத் தகடு வெட்டி இணைத்து, எஞ்சினைக் கடைந்து, மெத்தை தைத்து, மெருகேற்றி முடிக்க ஆயிரம் மணி நேரத்துக்கு மேலாகும். அமெரிக்காவில் அந்த மணிகளுக்குக் கொடுக்கும் கூலி, வண்டியின் விலையையே விழுங்கிவிடும். நம்மிடமோ கோவையில் வார்ப்படச் சாலையும் லேத்தும், கரூரில் பஸ்ஸுக்கு உடல் கட்டும் கொட்டகையும், திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணற்று வண்டி கட்டும் பட்டறையும் உண்டு. மெத்தையும் துணிக் கூரையும் தைப்பதற்குத் திருப்பூர்ச் சீமையில் கைக்குப் பஞ்சமா? அமெரிக்கர் தங்கள் தேசச் சின்னமாகக் கொண்டாடும் அந்த மஸ்டாங்குக்கு இன்று புத்தம் புது உடற்கூடு, போர்டு கம்பெனியாரின் அனுமதியோடு தைவானில் தகடு அழுத்திச் செய்யப்பட்டு, அமெரிக்காவுக்கே விற்கப்படுகிறது. தைவானில் செய்யக்கூடியதைக் கோவையில் செய்யக் கூடாதென்று எந்தச் சாஸ்திரமும் இல்லை.

பனியன் தொழிலில் ‘ஜாப் ஒர்க்’ என்றொரு வழக்கமுண்டு. ஒருவருடைய துணியை மற்றொருவர் சாயமிட்டோ தைத்தோ திருப்பிக் கொடுத்துக் கூலி பெறுவது அது. மோட்டாருக்கும் அதே ஏற்பாடு வேண்டும் என்பதே நமது கோரிக்கை. பிற நாட்டார் அனுப்பும் பழைய வண்டியை ஜாமீன் கட்டி இறக்கி, செப்பனிட்டு, குறித்த காலத்துக்குள் திரும்பக் கப்பலேற்றும் பட்டறைகளுக்குச் சுங்கத் தொல்லையில்லாத தெளிவான தனி வழி ஒன்றை மத்திய சர்க்கார் வகுக்க வேண்டும். வண்டி இங்கே தங்காது; இங்கே தங்குவது கூலி. தங்கள் மரச்சாமானையும் வைரத்தையும் சிலைகளையும் வேலைக்கு அனுப்பிப் பெறுவது உலகத்தாருக்குப் பழக்கமே. மாகாண சர்க்கார் தம் பங்குக்கு, கோவை, திருப்பூர், ஈரோடு ஜில்லாக்களிலுள்ள தொழிற்பயிற்சி நிலையங்களில் தகடு வேலை, கைப் பெயிண்டு, கார் மெத்தை, கார்ப்புரேட்டர் ஆகியவற்றைப் பாடமாக வைக்கலாம். இவை தெரிந்த கிழவர்கள் ஒவ்வொருவராக மறைந்து வருகிறார்கள். கம்ப்யூட்டரை மாட்டி வியாதி கண்டுபிடிக்கும் இக்காலத்து மெக்கானிக்குக்குக் கார்ப்புரேட்டரின் குரல் விளங்குவதில்லை.

ஒரு விஷயம் பாக்கியுள்ளது. அது நமக்கே சற்று வருத்தமானது. சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியார் 1961 முதல் பத்து வருஷகாலம் ஹெரால்டு என்னும் காரைச் செய்தார்கள். அவற்றுள் கடைசியாக வந்ததற்கும் ஐம்பது வயது கடந்துவிட்டது. நம் மண்ணில், நம்மவர் கையால் ஆன வண்டிகள் அவை. அவற்றில் பல, கிராமத்துக் களத்து மேட்டில், வேப்ப மரத்தடியில், கோழி அடைகாக்கும் கூடாகக் கிடக்கின்றன. வண்டிக்காரர் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டால் அவருக்குக் காகிதத் தொல்லை குறைவு. ஓட்ட நினைத்தாலோ தொல்லை அதிகம். இருபது வயதுக்கு மேற்பட்ட காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. புகை கக்கும் வண்டிகளைச் சாலையிலிருந்து ஒழிப்பதற்காக இப்படிச் செய்ததாகச் சொன்னார்கள். நோக்கத்தை நாம் குறை கூறவில்லை. ஆனால், மாதத்தில் ஒரு நாள் கோயிலுக்குப் போய்வரும் ஹெரால்டையும், பகலிரவு ஓடும் பழைய வாடகை வண்டியையும் ஒரே பட்டியலில் அடைத்தது யோசனைக் குறைவு.

‘வி.ஏ.’ பதிவு அவற்றுக்கும் உண்டே என்று அதிகாரிகள் சொல்லலாம். உண்டு, ஆனால் அமெரிக்காவிலிருந்து பல்லாயிரம் டாலர் கொடுத்து வரவழைத்த மல்லன் வண்டிக்கு எந்த 20,000 ரூபாயோ, கன்றுக்குட்டி விலைக்கு வாங்கிய ஹெரால்டுக்கும் அதே 20,000. ஏற்கெனவே நம்பர் உள்ள வண்டிக்கு மறுபதிவு 5,000 என்று விதியில் இருக்கிறது. ஆயினும் களத்து மேட்டு வண்டியின் ஆர்.சி. புத்தகம் தாத்தாவோடு போயிருக்கும்; அல்லது கரையான் தின்றிருக்கும். உள்நாட்டில் உற்பத்தியான ஐம்பது வயது வண்டிகளுக்குக் கட்டணத்தைக் குறைத்து, புத்தகம் தொலைந்தவர்கள் சேஸிஸ் நம்பரைக் காட்டி உறுதிமொழி கொடுத்தால் பதிந்துகொள்ளும்படி மாகாணப் போக்குவரத்து இலாகா மத்திய சர்க்காருக்கு எழுத வேண்டும். குன்னத்தூர் நண்பரின் பணத்தில் ஒரு பகுதி அப்போது அமெரிக்க ஏலக்காரரிடம் போகாமல், கோபி ரோட்டுப் பட்டறைக்காரரிடம் போகும்.